தினமும் அழிந்த செட்டிங்

தம்பியை வீட்டை விட்டுத் துரத்தி ஆறு வாரம் கழித்துக் கம்ப்யூட்டர் டாக்டரைக் கூப்பிட்டேன். தம்பிக்காக இல்லை, மெஷினுக்காக. அப்போது எனக்கு மெஷின்தான் பெரிதாகப் பட்டது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். வந்தால் வாய்க்கு வந்ததைக் கொட்டிவிடுவேன். கொட்டிய பிறகு அதுதான் நியாயம் என்று சாதிக்கவும் செய்வேன். அம்மா இருந்தவரை என் வாய்க்கு ஒரு பூட்டு இருந்தது. அவள் போன பிறகு எனக்கென்று மிச்சம் இருந்தது தம்பி ஒருவன்தான். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். பள்ளிக்கூடம் போகும்போது அவனுக்குத் தலைவாரி விட்டதும் நான்தான், பெரியவனான பிறகு அவன் தலையை உருட்டியதும் நான்தான்.

கட்டாத வீட்டைக் கட்டியதுபோல் காட்டுவது என் தொழில். இன்ஜினியர் வரைபடம் கொடுப்பார். நான் கம்ப்யூட்டரில் சுவர் எழுப்பி, ஜன்னல் வழியே வெயிலை உள்ளே விட்டு, சோபா மேல் ஒரு பூனையையும் படுக்க வைத்துப் படமாகக் கொடுப்பேன். வாங்க வருகிறவர்கள் பூனையைப் பார்த்தே பாதி மயங்கிவிடுவார்கள். இதற்கெல்லாம் மெஷினுக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உழைக்க வேண்டும். அது படுத்தால் நானும் படுத்தேன்.

தம்பிக்கு நான் வைத்த பெயர் துரை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். அவன் பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தான். மெஷின் இருக்கும் முன்னறையில்தான் அவனுக்கும் படுக்கை. காலை எட்டு மணிக்கு நான் வேலை செய்ய உட்காரும்போது போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சுவரோரமாகத் தூங்கிக்கொண்டிருப்பான். மெஷின் மட்டும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். தொட்டுப் பார்த்தால் சுடும். ராத்திரி பூராவும் கேம் விளையாடிவிட்டு விடிந்ததும் கவிழ்ந்து படுக்கிறான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒருநாளும் அவனிடம் கேட்டதில்லை. கேட்காமலே குத்திக் காட்டுவதில் ஒரு சுகம் இருந்தது.

"துரை எழுந்தாச்சா? காபி கட்டிலுக்கே வரணுமா?" என்பேன் பத்து மணிக்கு.

"வந்தா நல்லாத்தான்க்கா இருக்கும்," என்று சிரித்துக்கொண்டே எழுந்து, அவனே போய் இரண்டு பேருக்கும் காபி போட்டு எடுத்து வருவான்.

துரத்திய நாள் இதுதான் நடந்தது. முந்தின நாள் சாயங்காலமே அவன் சொல்லியிருந்தான். "அக்கா, நாளைக்கு விடிகாலையில ஒரு இன்டர்வியூவுக்குப் போறேன். நான் வர்ற வரைக்கும் மெஷினைத் தொடாதே. நான் வந்து ஆன் பண்ணித் தர்றேன்."

"ஆமா, நீ வந்து ரிப்பன் வெட்டித் திறந்து வெச்சாத்தான் அது ஓடும்," என்றேன். காலையில் நானே ஆன் செய்தேன். ஒன்பது மணிக்கு இன்ஜினியர் வந்தார். பதினெட்டு வீடுகள் கொண்ட ஒரு கட்டடம், வருடம் முழுக்கச் சாப்பாடு போடும் வேலை. படத்தை ஓட்டிக் காட்டப் போனேன். பாதியில் திரை கறுத்து, மயக்கம் போட்டதுபோல் மெஷின் நின்றுபோனது. மறுபடி ஆன் செய்தேன், மறுபடி நின்றது. மூன்றாவது முறை அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "பரவாயில்லம்மா, வேற ஆள் ஒருத்தர் இருக்கார், அவரையும் கேட்டுப் பாக்குறேன்," என்று எழுந்து போய்விட்டார்.

மத்தியானம் தம்பி வந்தான். வாசலிலேயே சிரித்த முகம். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்கு இன்னும் ஏறியது.

அன்றைக்கு நான் சொன்னதையெல்லாம் எழுத எனக்கே கூசுகிறது. தண்டம் என்றேன். என் வீட்டில் தின்று, என் மெஷினில் விளையாடி, என் பிழைப்பிலேயே மண்ணைப் போட்டுவிட்டாய் என்றேன். அவன், "அக்கா, அந்தக் கார்டு விஷயம்..." என்று ஆரம்பித்தான். "வாயைத் திறக்காதே. இன்னைக்கே கிளம்பு," என்றேன். அவன் பெட்டியைக் கட்டினான். போகும்போது போர்வையை மடித்துக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போனான்.

மூன்றாம் நாள் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஏதோ பட்டறையின் முகவரி, கீழே "இங்கதான் இருக்கேன். எதுனா வேணும்னா கூப்பிடுக்கா." நான் கூப்பிடவில்லை. அவன்தான் இறங்கி வர வேண்டும் என்று வீராப்பாக உட்கார்ந்திருந்தேன்.

மெஷின் அதற்குப் பிறகும் தேறவில்லை. சின்னப் படங்களைத் தாக்குப்பிடிக்கும், பெரிய படம் என்றால் விழுந்துவிடும். காலையில் ஆன் செய்யும்போதெல்லாம் திரை மூலையில் ஏதோ ஓர் அறிவிப்பு வரும். படிக்காமலே மூடுவேன். ஆறு வாரத்தில் மூன்று வேலைகள் கைநழுவிப் போனதும் டாக்டரைக் கூப்பிட்டேன்.

அவர் டாக்டர் இல்லை, ரிப்பேர்காரர். கறுப்புப் பையோடு வந்து, "என்ன செய்யுது?" என்று கேட்டுவிட்டு நாடி பார்ப்பதுபோல் மெஷின்மேல் கையை வைப்பார். அதனால் தெருவே அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடும்.

"என்னம்மா செய்யுது?"

"மயக்கம் போட்டு விழுது, டாக்டர். என் தம்பி கேம் விளையாடி விளையாடிக் கார்டைப் பாழாக்கிட்டான்."

மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். "இந்தக் கார்டு எப்ப வாங்கினது?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. தம்பிதான் வாங்கிட்டு வந்தான். புதுசு."

"புதுசா? ஸ்க்ரூ தலையெல்லாம் தேஞ்சு கெடக்கு பாருங்க. யாரோ ஸ்டிக்கரைச் சொரண்டி எடுத்திருக்காங்க. ரெண்டு மூணு கை மாறி வந்த கார்டும்மா இது. எங்கியோ ராப்பகலா ஓட்டி, சக்கையாப் பிழிஞ்சுட்டு வித்திருக்காங்க."

என் பழைய கார்டு செத்த அதே மாதம்தான் அவனுக்கு வேலை போனது. கம்பெனி கடைசியாகக் கொடுத்த பணத்தில் இதை வாங்கி வந்து, "புதுசுக்கா, உனக்குத்தான்," என்று நீட்டினான். என் வீட்டில் சாப்பிடப் போவதற்கு இதையாவது செய்தாயே என்று நான் சொன்னதும் நினைவுக்கு வந்தது. ஆனால் அப்போது அது உறுத்தவில்லை. "பாத்தீங்களா, பொய் வேற! கூடப் பொறந்தவளையே ஏமாத்தியிருக்கான்!" என்று டாக்டரிடம் குதித்தேன்.

"கோபத்தை அப்புறமா வெச்சுக்கலாம். இப்ப ஆன் பண்ணுங்க," என்றார்.

ஆன் செய்தேன். மூலையில் அந்த அறிவிப்பு வந்தது. மூடப்போன என் கையைத் தடுத்துவிட்டு அவர் வாய்விட்டுப் படித்தார். "முந்தின தடவை மெஷின் எதிர்பாராம நின்னு போனதால, கார்டுக்குப் போட்டிருந்த டியூனிங் செட்டிங்கை எடுத்துட்டு, கம்பெனி செட்டிங்குக்கே மாத்தியாச்சாம்." தாடையைத் தடவினார். "யாரோ இதுக்குத் தனியா செட்டிங் போட்டு வெச்சிருக்காங்களே."

வேகத்தையும் மின்சாரத்தையும் குறிக்கும் இரண்டு கோடுகளைத் திரையில் கொஞ்சம் கீழே இறக்கினார். "வயசானவங்களை மாடிப்படியில ஓடச் சொன்னா விழத்தான் செய்வாங்க. மெதுவா ஏறச் சொன்னா ஏறிடுவாங்க. இப்ப உங்க படத்தை ஓட்டுங்க."

ஓட்டினேன். ஆறு வாரமாக ஓடாத படம் கடைசிவரை ஓடியது. பூனைகூட அசையாமல் படுத்திருந்தது.

"அப்ப ஒவ்வொரு தடவையும் இது ஏன் அழிஞ்சு போவுதுன்னு பாக்கணும்," என்று மெஷின் தனக்குள்ளே எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறந்தார். கொஞ்ச நேரம் கீழே இறக்கிக்கொண்டே போனார். "ஏம்மா, உங்க வீட்ல தினமும் ராத்திரி எட்டு மணிக்குக் கரண்ட் போகுமா?"

"இல்லையே."

"தினம் எட்டு, எட்டேகாலுக்கு மெஷின் பொட்டுனு நின்னிருக்கு. ரெண்டு வருஷமா. ஞாயித்துக்கெழமை மட்டும்தான் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. நான் சுவரைப் பார்த்தேன். அங்கே இருந்த ஸ்விட்சைப் பார்த்தேன். அந்தக் கரண்ட் கட் நான்தான்.

முறையாக அணைத்தால் மெஷின் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கும், எனக்கு அந்த அரை நிமிடத்துக்குக்கூடப் பொறுமை இருக்காது. படத்தைச் சேமித்துவிட்டுச் சுவரில் இருக்கும் ஸ்விட்சைப் பட்டென்று தட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவேன். "அப்படி அணைக்காதேக்கா," என்று தம்பி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். "கரண்ட் பில் நீயா கட்டுற?" என்று கேட்டதும் பேசாமல் போய்விடுவான்.

"அப்ப ரெண்டு வருஷமா எப்படி ஓடுச்சு?" என்றேன்.

"அதான் இதுலயே இருக்கே. ஆறு வாரம் முன்னாடி வரைக்கும் தினம் காலையில அஞ்சு நாப்பதுக்கு ஆன் ஆயிருக்கு. ஆனதும் யாரோ சேமிச்சு வெச்ச செட்டிங்கை எடுத்து ஏத்தியிருக்காங்க. அப்புறம் ஒரு அரை மணி நேரம் கார்டு தாங்குதான்னு ஒரு சோதனை. அதோட சரி. எட்டு மணி வரைக்கும் மெஷின் சும்மா ஓடிட்டிருந்திருக்கு."

"கேம்?"

"கேம் ஒண்ணுகூட இதுல இல்லையேம்மா."

சேமித்து வைத்த செட்டிங் எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருந்தன. அறுபது எழுபது இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அவனே பெயர் வைத்திருந்தான். டாக்டர் படிக்கப் படிக்க நான் நின்றுகொண்டே இருந்தேன். 'வெயில் நாளுக்கு.' 'இன்ஜினியர் படம், பெருசு.' 'அக்காவுக்குத் தலைவலி, ஃபேன் சத்தம் கம்மி.' 'கார்டு தளருது, இன்னும் கொஞ்சம் குறைக்கணும்.' 'அக்கா இன்னைக்கு சந்தோஷமா இருக்கா, இதையே வெச்சுக்கலாம்.'

அதிகம் பழகாத மனிதர் முன்னால் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். டாக்டர் பதறவில்லை. "மெஷினைப் பாத்து அழுறவங்களை நெறையப் பாத்திருக்கேம்மா. பெரும்பாலும் போட்டோ எதுனா அழிஞ்சு போயிருக்கும்," என்றார். போகும்போது, "இனிமே ஒழுங்கா அணைங்க, செட்டிங் நிக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு முதல்முறையாக முறைப்படி அணைத்தேன். வட்டம் சுற்றி முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அலாரம் வைத்து ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். ஜன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டு, தரை சில்லென்றிருந்தது. ஆன் செய்தேன். மூலையில் அதே அறிவிப்பு. செட்டிங் போயிருந்தது. அவனுடைய ஃபோல்டரைத் திறந்து கடைசியாக இருந்ததை ஏற்றினேன். சோதனை ஓடி முடியும்வரை கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று அப்போது தெரிந்தது. இதை முடித்துவிட்டு அவன் போய்ப் படுத்துக் கண் அயரும்போதுதான் நான் வந்து துரை என்று நக்கல் அடித்திருக்கிறேன்.

அடுத்த நாளும் அப்படித்தான், செட்டிங் போயிருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெறுங்கையோடு போய் மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. டாக்டருக்கே பிடிபடாத கோளாறு ஒன்று கையில் இருந்தால் போகலாம். தம்பியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்பதுதான் விஷயம், செட்டிங் ஒரு சாக்கு.

அவன் அனுப்பியிருந்த முகவரிக்குப் போனேன். அது ஆஸ்பத்திரி மானிட்டர்களைப் பழுது பார்க்கும் பட்டறை. நீளமான மேஜையில் திறந்து கிடந்த பெட்டிகளுக்கு நடுவே நீலக் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"என்னக்கா? உடம்பு எதுவும் சரியில்லையா?"

"மெஷின்..." என்று ஆரம்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் வந்தது, பதிவேடு, ஸ்விட்சு, ஐந்து நாற்பது. ஃபோல்டரைப் பற்றி மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். "கார்டு பழசுன்னு தெரிஞ்சுடுச்சா?" என்றான் கடைசியில். "புதுசு வாங்கக் கையில அவ்ளோ இல்லக்கா. பழசுன்னா நீ வாங்க மாட்டே. அந்தப் பொய்யைச் சொன்னதாலதான் மத்த எதையும் சொல்ல முடியாமப் போச்சு."

"அது போகட்டும்டா. இன்டர்வியூ அன்னைக்கு இந்த வேலைக்குத்தான் வந்தியா?"

"ஆமா. கெடச்சிடுச்சுன்னு சொல்லத்தான் ஓடி வந்தேன்."

அந்த வாசலும் அந்தச் சிரிப்பும் என் கண் முன்னால் வந்து நின்றன. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. "தப்புப் பண்ணிட்டேன்டா," என்றேன். வாழ்க்கையில் அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை. "கோபத்துல என்னென்னமோ பேசிட்டேன். வீட்டுக்கு வந்துடு."

அவன் ஒரு பழைய பில்லைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தான். "நீ ஒழுங்கா அணைச்சாலும், சீக்கிரமா ஆன் ஆகணும்னு மெஷின் பாதியை முழிச்சுக்கிட்டே வெச்சிருக்கும். அதுவும் ஒரு காரணம். அந்த வசதியை நிறுத்தணும். எங்க போய் நிறுத்தணும்னு எழுதித் தர்றேன். அப்புறம் அழியாது."

"நான் அதுக்கு வரலடா."

"தெரியும்க்கா." எழுதுவதை நிறுத்தவில்லை. "நீ அன்னைக்குக் கோபத்துல பேசினதை நான் எப்பவோ மறந்துட்டேன். ஆனா அதையெல்லாம் நீ அன்னைக்குப் புதுசா யோசிக்கலையே. ரெண்டு வருஷமா தினமும் என்னைப் பாக்கும்போது அதைத்தான் நெனச்சிருக்கே. வாயில வந்ததுதான் அன்னைக்கு."

நான் மறுத்திருக்கலாம். அவன் சொன்னது அப்படியே உண்மை.

"இப்ப அப்படி இல்லடா," என்றேன்.

"இருக்கலாம்க்கா." காகிதத்தை என்னிடம் நீட்டினான். அவன் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தால் பிடித்து உலுக்கியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், எனக்குத் தெரிந்த வழி அது. ஒன்றும் இல்லை. "இங்க பின்னாடி ரூம் இருக்கு. காலையில ஏழரை வரைக்கும் தூங்குறேன். யாரும் என்னைப் பத்தி எதுவும் நெனைக்கிறதில்ல. நல்லா தூக்கம் வருதுக்கா."

தூக்கம் வருகிறது என்று சொல்கிறவனை எழுப்பி வா என்று எப்படிக் கூப்பிடுவது? நான் வளர்த்த பிள்ளை அவன். அவன் தூங்கினால் போதும் என்று தொட்டில் ஆட்டியவள்தானே நான். பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்து என்னை ஏற்றிவிட்டான். பத்திரமாப் போக்கா என்றான். ஜன்னலோரம் உட்கார்ந்து வீடுவரை அழுதுகொண்டே வந்தேன்.

அவன் எழுதிக் கொடுத்ததை அப்படியே செய்தேன். ஆறு வரி, நடுவில் ஓர் அம்புக்குறி. செய்துவிட்டு முறைப்படி அணைத்தேன். மறுநாள் காலை ஆன் செய்தபோது மூலையில் எந்த அறிவிப்பும் வரவில்லை. செட்டிங் அவன் வைத்த இடத்திலேயே நின்றது. அடுத்த நாளும் நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது. பெரிய படங்கள் ஓடின, இரண்டு வேலை திரும்பி வந்தன. ஐந்து நாற்பதுக்கு விழிப்பு மட்டும் தானாக வந்தது. எழுந்து செய்ய ஒன்றும் இல்லாமல் முன்னறையில் போய் உட்கார்ந்திருப்பேன்.

பத்தாம் நாள் மனசு கேட்கவில்லை. ஏழரை ஆகட்டும் என்று காத்திருந்து அவனுக்கு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

"என்னக்கா, மறுபடியும் செட்டிங் போயிடுச்சா?" குரலில் அவ்வளவு அக்கறை. போயிடுச்சு என்று நான் சொன்னால் போதும், அரை மணி நேரம் என்னோடு பேசுவான், அதைத் திற, இதை அழுத்து என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருப்பான். வேண்டுமானால் நேரிலேயே வந்துவிடுவான். எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ஒரு பொய்யால் அவன் பட்ட பாடு போதும்.

"இல்லடா," என்றேன். "நிக்குது."

"நிக்குதா? நல்லதாப் போச்சு." அந்தப் பக்கம் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "அப்புறம் என்னக்கா, வேற எதுனா ரிப்பேரா?"

வீட்டில் எதெல்லாம் கெட்டிருக்கிறது என்று கண்ணால் தேடினேன். ஃபேன் ஓடியது. விளக்கு எரிந்தது. மெஷின் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாம் நல்லா ஓடுதுடா," என்றேன்.

"சரிக்கா. அப்ப வெச்சிடுறேன்," என்றான்.